பெயர்கள் மட்டும் கரையிறங்கிய கதை

தென் ஆஸ்திரேலியாவின் வரைபடத்தில் அடிலெய்டு நகரத்துக்குத் தெற்கே உள்ள கடற்கரையைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். ஃப்ளெரியெ தீபகற்பம், விவோன் விரிகுடா, தெஸ்த்ரே விரிகுடா, குவெதிக் முனை, லசெபேத் விரிகுடா, கிஷேன் விரிகுடா, ரிவோலி விரிகுடா என்று வரிசையாகப் பிரெஞ்சுப் பெயர்கள். அந்த மாநிலம் 1836-இல் ஆங்கிலேயரால் நிறுவப்பட்டது. பிரான்சு அங்கே ஒரு கோட்டை கட்டவில்லை, ஒரு பண்டகசாலை வைக்கவில்லை, ஒரு நாள்கூட ஆளவில்லை. பிறகு இந்தப் பெயர்கள் எப்படி வந்தன?

மகள் குடும்பம் அடிலெய்டில் இருப்பதால் ஓர் ஆகஸ்டு மாதத்தில் ஏழு நாள் காரில் இந்தக் கரையைச் சுற்றும் வாய்ப்பு கிடைத்தது. மருமகன் போட்ட திட்டம் எல்லாச் சுற்றுலாப் பயணிகளும் போவதுதான்: திராட்சைத் தோட்டங்கள், கடற்சிங்கங்கள், திமிங்கலங்கள், கடலோரச் சாலை. புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்து வளர்ந்த எனக்கு வழிகாட்டிப் பலகைகளே பெரிய வேடிக்கையாகிவிட்டன. ஃப்ளெரியெ என்பதை அவ்வூர் மக்கள் 'ஃப்ளூரியோ' என்கிறார்கள். நான் பின் இருக்கையிலிருந்து ஒவ்வொரு பெயரையும் திருத்திச் சொல்ல, "தாத்தா, நீங்க சொல்ற மாதிரி கேட்டா யாரும் வழி சொல்லமாட்டாங்க" என்றாள் பேத்தி. அவள் சொன்னது நியாயம்தான்.

இரண்டு கப்பல்கள்

கதை 1800-இல் தொடங்குகிறது. அவ்வாண்டு அக்டோபரில் நிக்கொலா போதேன் என்ற தளபதி 'ஜெயோகிராஃப்', 'நத்துராலிஸ்த்' என்ற இரண்டு கப்பல்களோடு லெ ஹாவ்ர் துறைமுகத்திலிருந்து புறப்பட்டார். நெப்போலியன் அப்போது முதல் கான்சல். ஆஸ்திரேலியாவின் அறியப்படாத தென்கரையை வரைவதும், செடிகொடி, விலங்கு, பறவைகளைச் சேகரிப்பதும் அவருக்குக் கொடுத்த வேலை. அடுத்த ஆண்டு ஜூலையில் அதே வேலைக்கு ஆங்கிலேயர் அனுப்பிய ஆள் மாத்யூ ஃபிளிண்டர்ஸ். கப்பலின் பெயர் 'இன்வெஸ்டிகேட்டர்'. இரு நாடுகளும் போரில் இருந்தாலும் அறிவியல் பயணம் என்பதால் ஒருவர் கப்பலைப் பிடிக்கக்கூடாது என்று எதிரி நாட்டிலிருந்தே கடவுச்சீட்டு வாங்கி இருவரும் வைத்திருந்தார்கள்.

ஃபிளிண்டர்ஸ் மேற்கிலிருந்து கிழக்கே வந்தார். போதேன் கிழக்கிலிருந்து மேற்கே வந்தார். 1802 ஏப்ரல் 8 அன்று, முர்ரே நதி கடலில் கலக்கும் இடத்துக்கு எதிரே, இருவரும் நேருக்கு நேர் சந்தித்தார்கள். ஃபிளிண்டர்ஸ் முதலில் பீரங்கிகளைத் தயார் நிலையில் வைத்துவிட்டுத்தான் நெருங்கினார். அமியேன் உடன்படிக்கை கையெழுத்தாகிப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது; இருவருக்கும் அது தெரியாது. பிறகு ராபர்ட் பிரவுன் என்ற தாவரவியலாளரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பிரெஞ்சுக் கப்பலில் ஏறிப் பேசினார். மறுநாள் காலையும் பேச்சு தொடர்ந்தது. பேச்சின் நடுவே போதேன் தன்னிடமிருந்த ஓர் ஆங்கிலேய வரைபடத்தைக் குறை சொன்னாராம். அதை வரைந்தவரே எதிரில் இருப்பவர் என்பது, விடைபெறும்போது பெயரைக் கேட்ட பிறகுதான் தெரிந்ததாம்! அந்த இடத்துக்கு ஃபிளிண்டர்ஸ் 'சந்திப்பு விரிகுடா' என்று பெயர் வைத்தார். இன்றும் அதுதான் பெயர்.

இருவருமே கரையில் மணல்மேடுகளைத்தான் பார்த்தார்கள். அந்த மேடுகளுக்குப் பின்னால் கண்டத்தின் மிகப் பெரிய நதி ஒன்று கடலில் கலக்கிறது என்பதை இருவரும் தவறவிட்டார்கள். அதை 1830-இல் ஸ்டர்ட் என்பவர் உள்நாட்டிலிருந்து படகில் வந்துதான் கண்டார்.

கங்காருத் தீவு

முதல் நாள் மெக்லாரன் வேல் திராட்சைத் தோட்டங்கள். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். இரண்டாம் நாள் ஜெர்விஸ் முனையிலிருந்து பெரிய படகில் காரோடு ஏறி முக்கால் மணி நேரத்தில் கங்காருத் தீவின் பெனஷா ஊரில் இறங்கினோம்.

1802 மார்ச்சில் முதலில் வந்த ஃபிளிண்டர்சுக்கு இந்தத் தீவு ஆச்சரியமாக இருந்தது. மனிதர் எவரும் இல்லை; கங்காருகள் மனிதரைக் கண்டு ஓடவும் இல்லை. பல நாள் புதிய இறைச்சி காணாத மாலுமிகள் வயிறாரச் சாப்பிட்டார்கள். அந்த நன்றிக்குத்தான் 'கங்காருத் தீவு' என்ற பெயர். போதேன் 1803 ஜனவரியில் வந்து தீவைச் சுற்றி, ஃபிளிண்டர்ஸ் பார்க்காத தென்கரையை வரைந்தார். அதனால்தான் வடகரையில் ஆங்கிலப் பெயர்களும் தென்கரையிலும் மேற்கிலும் பிரெஞ்சுப் பெயர்களும் நிறைந்திருக்கின்றன. மேற்குக் கோடியில் 'ரவீன் தே கசோவார்' என்றொரு பள்ளத்தாக்கு. கசோவார் பறவைகளின் பள்ளத்தாக்கு என்று பொருள். அவர்கள் பார்த்தது உண்மையில் அந்தத் தீவுக்கே உரிய குள்ள ஈமு. அவற்றை உயிரோடு பிடித்துப் பிரான்சுக்குக் கொண்டுபோனார்கள். விலங்குகளுக்கும் செடிகளுக்கும் இடம் வேண்டும் என்று போதேன் தன் அதிகாரிகளின் அறைகளையே காலி செய்யவைத்தார். அதிகாரிகள் அவரை வெறுத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பாரிசில் அந்த இனத்தின் கடைசிப் பறவை 1822 வரை உயிரோடு இருந்தது. 1836-இல் ஆங்கிலேயக் குடியேறிகள் தீவில் இறங்கியபோது அங்கே ஒன்றுகூட மிஞ்சியிருக்கவில்லை. இன்று அந்த ஈமுவைப் பற்றித் தீவில் இருப்பது பள்ளத்தாக்கின் பெயர் மட்டும். அதுவும் வேறொரு பறவையின் பெயர்.

பெனஷாவில் போதேனின் ஆட்கள் குடிநீர் எடுத்த இடத்தில் ஒரு பாறையில் எழுத்து வெட்டியிருக்கிறார்கள். தளபதி போதேன், ஜெயோகிராஃப் கப்பலில், கண்டறியும் பயணம், 1803 என்பது அதன் பொருள். மூலப் பாறையை ஊரின் தகவல் நிலையத்துக்குள் பாதுகாத்து வைத்துவிட்டு, கடற்கரையில் வெள்ளைக் கவிகையின் கீழ் அதன் நகலை வைத்திருக்கிறார்கள். 'கொமாந்தான்' என்ற சொல்லில் 'அ' எழுத்து வரவேண்டிய இடத்தில் 'எ' எழுத்தை வெட்டியிருக்கிறார் அந்த மாலுமி. எங்கள் பிரெஞ்சு ஆசிரியராக இருந்தால் அந்தப் பாறையிலும் சிவப்பு மை ஊற்றியிருப்பார்.

மூன்றாம் நாள் தென்கரையின் சீல் விரிகுடா. வழிகாட்டி பின்னே வர, மணலில் நடந்தே போய் ஆஸ்திரேலியக் கடற்சிங்கங்களைப் பார்க்கலாம். ஏறக்குறைய 800 விலங்குகள் இங்கே வாழ்கின்றன. மூன்று நாள் கடலில் இரை தேடிவிட்டு வந்து மூன்று நாள் உறங்குவது அவற்றின் வழக்கம் என்றார் வழிகாட்டி. மற்ற கடற்சிங்கங்களைப்போல ஆண்டுக்கு ஒருமுறை குட்டி போடாமல், பதினேழு பதினெட்டு மாதத்துக்கு ஒருமுறைதான் போடும். அதனால் அழித்தால் மீள்வது கடினம். இந்த இனத்தை முதன்முதலில் விவரித்து அறிவியல் பெயர் தந்தவர் போதேனோடு வந்த இளம் இயற்கையியலாளர் பெரோன். இன்றும் அந்தப் பெயருக்குப் பின்னால் பெரோனின் பெயரைச் சேர்த்தே எழுதுகிறார்கள்.

இதற்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. 1803-இல் போதேன் தீவை விட்டு மேற்கே போனபோது சீல் வேட்டைக்கு வந்திருந்த ஓர் அமெரிக்கக் கப்பலைச் சந்தித்தார். நல்ல துறைமுகமும் மரமும் எங்கே கிடைக்கும் என்று கேட்டவர்களிடம் கங்காருத் தீவைச் சொன்னார். அவர்கள் அங்கே போய் மாதக்கணக்கில் தங்கி ஒரு சிறு கப்பலையே கட்டினார்கள். அந்த இடத்துக்கு இன்றும் 'அமெரிக்கன் ரிவர்' என்று பெயர். அவர்களைத் தொடர்ந்து மற்ற வேட்டைக்காரர்கள் வந்தார்கள். தோலுக்காகவும் எண்ணெய்க்காகவும் கடற்சிங்கங்களையும் சீல்களையும் அடித்துக் குவித்தார்கள். தாஸ்மானியாவிலிருந்தும் எதிர்க்கரையிலிருந்தும் பூர்வகுடிப் பெண்களைக் கடத்தி வந்து வேலை வாங்கினார்கள். அந்தப் பெண்களின் சந்ததியார் இன்றும் இருக்கிறார்கள். அமெரிக்கர்கள் தங்கிய இடத்துக்கு அவர்கள் பெயர் நிலைத்துவிட்டது. கடத்தப்பட்ட பெண்களில் பெரும்பாலோரின் பெயரை யாரும் குறித்துக்கூட வைக்கவில்லை.

திமிங்கலக் கரை

நான்காம் நாள் நிலப்பகுதிக்குத் திரும்பி விக்டர் ஹார்பர் ஊருக்கு வந்தோம். இதுதான் சந்திப்பு விரிகுடாவின் கரை. மே முதல் அக்டோபர் வரை தெற்குக் கடலிலிருந்து திமிங்கலங்கள் குட்டி போட இங்கே வரும். ஆங்கிலத்தில் இதன் பெயருக்குச் 'சரியான திமிங்கலம்' என்று பொருள் வரும். எதற்குச் சரி? கொல்வதற்கு. மெதுவாக நீந்தும், கரையோரம் வரும், செத்தால் மிதக்கும். பிரெஞ்சிலும் இதை 'பலேன் ஃபிரான்ஷ்' என்பார்கள்.

1837-இலேயே இங்கே இரண்டு திமிங்கல வேட்டை நிலையங்கள் தொடங்கிவிட்டன. புதிய குடியேற்றத்தின் முதல் ஏற்றுமதி கோதுமையும் அல்ல, கம்பளியும் அல்ல, திமிங்கல எண்ணெய்தான். எண்ணெய் விளக்குக்குப் போயிற்று. வாயிலுள்ள நார்த்தகடுகள் ஐரோப்பியச் சீமாட்டிகளின் இடுப்புக் கச்சைக்குப் போயின. குட்டியோடு வரும் தாயைக் கொன்றால் அடுத்த தலைமுறை எங்கிருந்து வரும்? சில பத்தாண்டுகளில் விரிகுடா வெறிச்சோடியது. இந்த இனத்துக்குச் சட்டப் பாதுகாப்பு 1935-இல்தான் வந்தது. இந்தக் கரையின் ராமின்ட்ஜெரி மக்களுக்கோ திமிங்கலம் நெருப்பைக் காத்து வைத்திருந்த முன்னோன். வேட்டை நிலையங்களில் கூலிக்கு வேலை செய்தவர்களில் அவர்களும் இருந்தார்கள்.

நாங்கள் குன்றின்மேல் குளிரில் இரண்டு மணி நேரம் நின்றோம். கடைசியில் ஒரு தாயும் குட்டியும் கரையிலிருந்து அதிக தூரமில்லாமல் மெதுவாகப் போயின. ஒரு காலத்தில் வேட்டைக்காரர்களின் காவலாள் நின்று பார்த்ததும் இதே குன்றிலிருந்துதான்.

எதிரேயுள்ள கிரானைட் தீவில் சின்னப் பென்குயின்கள் உண்டு. 2001-இல் ஆயிரத்துக்கு மேல் இருந்தவை இப்போது சில பத்துகளாகிவிட்டன. திமிங்கலம் திரும்பி வருகிறது, பென்குயின் போய்க்கொண்டிருக்கிறது.

பெயர் வைத்தவர்களும் பெயர் போனவரும்

ஐந்தாம் நாள் வெலிங்டன் என்ற இடத்தில் கம்பிவடத்தில் ஓடும் இலவசப் படகில் முர்ரே நதியைக் கடந்து, கூரோங் என்ற நீண்ட உப்பங்கழியை ஒட்டித் தெற்கே போனோம். ஒரு பக்கம் கூழைக்கடாக்கள் மிதக்கும் நீர், அதற்கப்பால் மணல்மேடு, அதற்கப்பால் கடல். இங்கிருந்து கிழக்கே நெடுந்தூரம் போதேன்தான் முதலில் வரைந்த கரை. லசெபேத் மீன்களைப் பற்றி எழுதிய அறிஞர். கிஷேன் கடற்படைத் தளபதி. ரிவோலி 1797-இல் நெப்போலியன் இத்தாலியில் வென்ற போர். பள்ளியில் அந்தத் தேதியை மனப்பாடம் செய்தவன் நான். அறுபது ஆண்டு கழித்து அந்தப் பெயரில் ஓர் அமைதியான மீன்பிடி ஊரின் கடற்கரையில் நடப்பேன் என்று யார் நினைத்தது! கிஷேன் விரிகுடாவில் உள்ள ரோப் துறைமுகத்தில் 1850களின் பிற்பகுதியில் சுமார் 16,000 சீனர்கள் இறங்கினார்கள். அண்டை மாநிலமான விக்டோரியா தலைக்கு 10 பவுண்டு வரி போட்டதால், இங்கே இறங்கி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்தே தங்க வயல்களுக்குப் போனார்கள். அவர்கள் நினைவாக ஒரு கல் இருக்கிறது.

இனி போதேனின் முடிவு. ஊர் திரும்பும் வழியில், இன்று மொரீஷியஸ் எனப்படும் ஈல் த ஃபிரான்ஸ் தீவில் 1803 செப்டம்பர் 16 அன்று நோயால் இறந்தார். பயண வரலாற்றை எழுதும் பொறுப்பு அவரை வெறுத்த பெரோனுக்கும், பெரோன் 1810-இல் இறந்த பிறகு ஃபிரெய்சினேக்கும் போயிற்று. 1807-இல் வந்த முதல் தொகுதியில் தலைவரின் பெயரைத் தேடித்தான் பார்க்கவேண்டும். அமைச்சர்கள், மார்ஷல்கள், அறிஞர்கள், பழைய அரசர்களின் தளபதிகள் எல்லாருக்கும் ஒரு முனையோ விரிகுடாவோ கிடைத்தது. கரை முழுவதற்கும் 'நெப்போலியன் நிலம்' என்று பெயர். கப்பலை ஓட்டிக் கொண்டுவந்தவருக்கு ஒன்றுமில்லை.

புதுச்சேரி இந்தக் கதையில் நுழைவது இங்கேதான். அமியேன் உடன்படிக்கைப்படி புதுச்சேரியைத் திரும்பப் பெற்றுக்கொள்ள, ஜெனரல் தெக்கானை நெப்போலியன் அனுப்பினார். லினுவா என்ற தளபதியின் கப்பல்களில் அவர் 1803 ஜூலையில் நம் ஊர்க் கடலுக்கு வந்தார். ஆங்கிலேயர் ஒப்படைக்க மறுத்தார்கள். ஐரோப்பாவில் போர் மீண்டும் மூண்டிருந்தது. வெறுங்கையோடு ஆகஸ்டில் ஈல் த ஃபிரான்ஸ் போய்ச் சேர்ந்தார். போதேன் அங்கே மரணப் படுக்கையில் இருந்த நேரம் அது. (லினுவா முனை என்று கங்காருத் தீவின் தென்கரையில் ஒன்று இருக்கிறது.) அதே டிசம்பரில் ஃபிளிண்டர்ஸ் பழுதான படகோடு அதே தீவுக்கு உதவி கேட்டு வந்தார். கடவுச்சீட்டில் 'இன்வெஸ்டிகேட்டர்' என்று எழுதியிருந்தது. அது உளுத்துப்போனதால் அவர் வந்ததோ 'கம்பர்லாண்ட்' என்ற சிறு கப்பலில். தெக்கான் அதைப் பிடித்துக்கொண்டார். விருந்துக்கு அழைத்தபோது ஃபிளிண்டர்ஸ் முறைப்போடு மறுத்தது வேறு. ஆறரை ஆண்டு சிறை! முப்பது ஆண்டு கோப்புகளோடு வாழ்ந்த எனக்கு, பெயர் பொருந்தவில்லை என்று விண்ணப்பத்தை நிறுத்திவைக்கும் வழக்கம் புதிதல்ல. ஆனால் அதன் பின்னால் பெரும்பாலும் வேறொரு கோபம் இருக்கும். தெக்கானின் கோபத்தில் புதுச்சேரிக்கும் ஒரு பங்கு இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

1810-இல்தான் ஃபிளிண்டர்ஸ் விடுதலையானார். அடுத்த ஆண்டே ஃபிரெய்சினேயின் முழு ஆஸ்திரேலிய வரைபடம் வெளிவந்து முந்திக்கொண்டது. ஃபிளிண்டர்சின் நூல் 1814 ஜூலையில் வந்தது. மறுநாள் அவர் இறந்தார். அந்த நூலில் அவர் செய்த ஒரு காரியம் என்னை மிகவும் தொட்டது. போதேன் முதலில் கண்ட கரைக்குப் பிரெஞ்சுப் பெயர்களையே அவர் ஏற்றுக்கொண்டார். ஆறரை ஆண்டைப் பறித்தவர்களின் பெயர்கள்! தான் முதலில் கண்ட பகுதிகளுக்கு மட்டும் தன் பெயர்களை வைத்தார். 'போனபார்த் வளைகுடா' ஸ்பென்சர் வளைகுடா ஆயிற்று. 'ஜோசஃபின் வளைகுடா' செயின்ட் வின்சென்ட் ஆயிற்று. இந்தக் கரையில் பிரெஞ்சுப் பெயர்கள் இன்றும் இருப்பதற்கு அவருடைய இந்த நேர்மைதான் முதல் காரணம்.

கொடிகள்

ஆறாம் நாள் ரிவோலி விரிகுடாவிலிருந்து உள்நாட்டுக்குத் திரும்பி பெனோலா, கூனவாரா. சுண்ணாம்புப் பாறையின்மேல் செம்மண் படிந்த ஒரு குறுகிய நிலப்பட்டை. ஜான் ரிட்டாக் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1890-இல் இங்கே பழத்தோட்டக் குடியேற்றம் அமைத்துக் கொடிகளை நட்டார். ஆகஸ்டு அங்கே குளிர்காலம். கொடிகள் இலையுதிர்ந்து கவாத்து செய்யப்பட்டு வெறும் கட்டைகளாக நின்றன. மனைவி காப்பியோடு வெளியே உட்கார்ந்துகொண்டாள். நான் இரண்டு வகை ருசி பார்த்தேன்.

முதல் நாள் மெக்லாரன் வேலில் கேட்ட செய்தியின் முழுப் பொருள் எனக்கு இங்கேதான் விளங்கிற்று. அந்தப் பகுதியில் ரெய்னல் என்பவர் குடியேற்றத்தின் முதல் ஆண்டுகளிலேயே கொடி நட்டார். 1850-இல் வந்த தாமஸ் ஹார்டி அவரிடம் வேலைக்குச் சேர்ந்து பின்பு தானே பெரிய ஒயின் அதிபர் ஆனார். ஆஸ்திரேலியாவின் பழைய கொடிகளில் பல, ஜேம்ஸ் பஸ்பி என்பவர் 1831-இல் ஸ்பெயினிலும் பிரான்சிலும் சுற்றிச் சேகரித்த குச்சிகளின் வழிவந்தவை. பிரான்சின் 'சிரா'தான் இங்கே 'ஷிராஸ்'. 1860களில் ஃபிலாக்ஸெரா என்ற வேர்ப்பேன் அமெரிக்காவிலிருந்து வந்து பிரான்சின் தோட்டங்களை அழித்தது. அமெரிக்கக் கொடியின் வேரில் ஒட்டுக்கட்டித்தான் பிரெஞ்சுக்காரர்கள் தப்பினார்கள். அந்தப் பூச்சி 1877-இல் விக்டோரியா வரை வந்துவிட்டது. தென் ஆஸ்திரேலியா 1899-இல் தனிச் சட்டம் போட்டு, வெளிக்கொடி உள்ளே வராமல் எல்லையைக் காத்தது. இன்றுவரை அங்கே பூச்சி நுழையவில்லை. அதனால் சொந்த வேரில் நிற்கும் நூறாண்டு கடந்த பிரெஞ்சுக் கொடிகளைப் பார்க்கவேண்டுமானால் பிரான்சைவிட இங்கேதான் எளிது.

ஏழாம் நாள் முழுதும் அடிலெய்டுக்குத் திரும்பும் நெடும்பயணம். வழியில் யோசித்துக்கொண்டே வந்தேன். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் இருநூறு ஆண்டுக்கு மேல் இருந்தார்கள். தியூப்ளெக்ஸ் தெரு இன்று நேரு வீதி. இங்கே ஒரு நாளும் ஆளவில்லை. மார்ஷலும் அமைச்சரும் கடலோரம் நிற்கிறார்கள். போதேனையும் கடைசியில் மறந்துவிடவில்லை. கங்காருத் தீவில் போதேன் கடற்கரை இருக்கிறது. ரோப் அருகே போதேன் பாறைகள் இருக்கின்றன. அவருடைய பயண நாட்குறிப்பு ஆங்கில மொழிபெயர்ப்பில் அடிலெய்டில் 1974-இல் அச்சானது. பிரெஞ்சு மூலம் அச்சேறியது 2000-இல்தான்.

அவர் 1802 டிசம்பரில் சிட்னி ஆளுநர் கிங்குக்கு எழுதிய கடிதம் ஒன்று உண்டு. மக்கள் வாழும் நிலத்தை, முதன்முதலில் பார்த்தோம் என்பதற்காக ஐரோப்பியர் தம் அரசின் பெயரால் எடுத்துக்கொள்வதில் என்ன நியாயம் என்று அதில் கேட்டிருக்கிறார். அந்தக் கேள்வி நம் ஊர்க் கடற்கரைக்கும் பொருந்தும். கேட்டவருக்கு அவருடைய நாட்டு வரைபடத்தில் இடம் கொடுக்கவில்லை என்பதையும் சேர்த்துப் படிக்கவேண்டும்.

பிள்ளைகள் ஆஸ்திரேலியாவில் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு குறிப்பு: திமிங்கலம் பார்க்க ஜூலை, ஆகஸ்டு நல்லது, கம்பளிச் சட்டை அவசியம். சீல் விரிகுடாவில் மணலில் இறங்க வழிகாட்டியோடுதான் அனுமதி. பெனஷாவில் கடற்கரை நகலை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். தகவல் நிலையத்துக்குள் போய் அசல் கல்லைப் பாருங்கள். அந்த எழுத்துப்பிழையையும் மறக்காமல் பாருங்கள்.